எனியாக்கா, பேபியா, எட்சாக்கா: ஆறு வருடத்தில் நாலு 'முதல்' கணினிகள் வந்தது எப்படி?

கேட்டவர் கல்லூரி மாணவர் போலிருக்கிறது. கேள்வியின் சாரம் இதுதான்: பாடப்புத்தகம் முதல் மின்னணுக் கணினி எனியாக், 1946 என்கிறது. இன்னொரு புத்தகம் 1948-ல் மான்செஸ்டரில் ஓடிய 'பேபி' என்கிறது. ஆசிரியர் 1949-ன் எட்சாக் என்கிறார். வினாடி வினா நூல் ஒன்று யூனிவாக், 1951 என்கிறது. போர் முடிந்து ஆறே வருடத்தில் நாலு 'முதல்' எப்படி வரும், எதை எழுதினால் மதிப்பெண் கிடைக்கும் என்று கேட்கிறார். கூடவே, யூனிவாக் அமெரிக்கத் தேர்தல் முடிவை முன்கூட்டியே சொன்னது நிஜமா என்றும் கேட்டிருக்கிறார்.

மதிப்பெண் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் பாடப்புத்தகத்தில் இருப்பதையே எழுதுங்கள். ஆனால் எதில் முதல் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பலவகைக் கணக்குகளுக்கும் மாற்றி அமைக்கக்கூடிய, முழுக்க வால்வுகளால் (டிரான்சிஸ்டருக்கு முன்பு மின்சுற்றுகளில் இருந்த கண்ணாடிக் குழாய்கள்) இயங்கிய முதல் பெரிய கணினி எனியாக். நிரலைத் தன் மின்னணு நினைவகத்திலேயே வைத்து ஓட்டிய முதல் இயந்திரம் பேபி. அந்த வகையில், அன்றாட ஆராய்ச்சி வேலைக்குப் பயன்பட்ட முதல் முழு அளவுக் கணினி எட்சாக். அமெரிக்காவில் வரிசையாகத் தயாரித்து விற்கப்பட்ட முதல் கணினி யூனிவாக். இப்படி எழுதினால் நாலுமே சரி. வெறுமனே 'முதல்' என்று நிறுத்தினால் நாலின் மேலும் வழக்குத் தொடுக்கலாம். அதில் ஒன்றின் மேல் நிஜமாகவே வழக்கு நடந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆனால் உங்கள் கேள்விக்குள் இருக்கும் உண்மையான கேள்வி வேறு. 1946-க்கும் 1951-க்கும் நடுவில் அப்படி என்ன மாறியது? ஏன் ஒவ்வொரு இயந்திரத்தையும் புதிய தொடக்கம் என்று அன்று கருதினார்கள்? கணினிக் கட்டமைப்புப் பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், நம் பாடப்புத்தகங்களில் வரும் 'தலைமுறை' அட்டவணை இதற்குப் பதில் சொல்லாது. வால்வு முதல் தலைமுறை, டிரான்சிஸ்டர் இரண்டாவது, சில்லு மூன்றாவது என்று போகும் அந்த அட்டவணையில் மேலே சொன்ன நாலும் ஒரே கட்டத்துக்குள் விழுந்துவிடும். அந்த ஐந்தாறு வருடங்களை எது நடத்தியது என்று கேட்டால் என் பதில் ஒரே சொல்: நினைவகம். வேகமாகக் கணக்குப் போடுவது 1946-லேயே தீர்ந்துபோன பிரச்சினை. போட்ட கணக்கையும் போட வேண்டிய கட்டளையையும் எங்கே வைப்பது என்பதுதான் தீராமல் இருந்தது.

எனியாக்கைப் பாருங்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மூர் பொறியியல் பள்ளியில் ஜான் மாக்லியும் பிரெஸ்பர் எக்கர்ட்டும் அமெரிக்க ராணுவத்துக்காகக் கட்டியது. 1943-ல் தொடங்கி, 1946 பிப்ரவரியில் பொதுமக்களுக்குக் காட்டினார்கள். சுமார் 18,000 வால்வுகள், 30 டன் எடை, வினாடிக்கு 5,000 கூட்டல். பீரங்கிக் குண்டு பறந்து விழுவதற்குள் அதன் பாதையைக் கணக்கிட்டுவிடும் வேகம் அது. ஆனால் அதன் எழுதக்கூடிய நினைவகம் எவ்வளவு தெரியுமா? 20 திரட்டிகள், ஒவ்வொன்றிலும் 10 இலக்க எண் ஒன்று. மொத்தம் 200 இலக்கங்கள், அவ்வளவுதான். ஒரு திரட்டிக்கு மட்டும் 550 வால்வு. அதாவது இயந்திரத்தில் பாதிக்கும் மேற்பட்ட வால்வுகள் இந்த இருபது எண்களை வைத்திருக்கவும் கூட்டவும்தான் செலவாயின. இந்த 550 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எண்களுக்கே இடமில்லாதபோது கட்டளைகளுக்கு எங்கே போவது? அதனால் நிரல் என்பது கம்பியாக இருந்தது. புதுக் கணக்கு வந்தால் கேபிள்களைப் பிடுங்கி வேறு இடத்தில் செருக வேண்டும், சுவிட்சுகளைத் திருப்ப வேண்டும். இதற்கு நாட்கள் பிடிக்கும், சிக்கலான கணக்கென்றால் வாரங்கள்கூட. இந்த வேலையைக் கற்றுச் செய்தவர்கள் ஆறு பெண்கள்: கேத்லீன் மெக்நல்டி, ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், பிரான்சஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மன். வெளியீட்டு நாளில் விருந்தினர் வாய்பிளந்து பார்த்த பாதைக் கணக்கை அமைத்தவர்கள் ஜென்னிங்ஸும் ஸ்னைடரும். அன்றிரவு நடந்த விருந்துக்கு அவர்களை அழைக்கவில்லை. ரொம்ப காலம் வரலாற்று நூல்களும் அழைக்கவில்லை.

நினைவகம் இல்லாத வேகம் எந்தக் கதிக்கு ஆளாகும் என்பதற்கு 1950-ல் ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. வானிலையாளர்கள் ஜூல் சார்னி, ராக்னர் ஃபியோர்டாஃப்ட், கணிதவியலாளர் ஜான் வான் நாய்மன் ஆகியோர் எனியாக்கில் வானிலையை முன்கணித்தார்கள். கணினி கொண்டு செய்த முதல் வானிலை முன்கணிப்பு அது. 24 மணி நேர வானிலையைக் கணிக்கக் கிட்டத்தட்ட 24 மணி நேரம் ஆனது. அதாவது வானிலையும் கணினியும் ஒரே வேகத்தில் நடந்தன! அந்த நேரத்தில் பெரும்பகுதி கணக்கில் போகவில்லை. இடைவிடைகளை வைக்க உள்ளே இடம் இல்லாததால் அட்டையில் துளையிட்டு வெளியே எடுத்து, அடுக்கி, கலந்து, மறுபடி உள்ளே கொடுப்பதில் போனது. அந்தச் சில முன்கணிப்புகளுக்கு மட்டும் சுமார் 1,00,000 அட்டைகள் தேவைப்பட்டன.

எக்கர்ட்டுக்கும் மாக்லிக்கும் இந்தக் குறை எனியாக் முடியும் முன்பே தெரியும். போர் நேரத்தில் வடிவமைப்பை மாற்றாமல் கட்டி முடிக்க வேண்டும் என்பதால் அப்படியே விட்டார்கள். அடுத்த இயந்திரமான எட்வாக்குக்கான பேச்சு 1944-லேயே தொடங்கிவிட்டது. வான் நாய்மன் அதில் வந்து சேர்ந்தார். 1945 ஜூன் 30 தேதியிட்டு எட்வாக் பற்றிய முதல் வரைவு அறிக்கை வெளியானது. கட்டளைகளும் எண்களும் ஒரே நினைவகத்தில், ஒரே மாதிரி குறியீடாக இருக்கும் என்ற அமைப்பைத் தெளிவாக எழுதி வைத்த ஆவணம் அது. அறிக்கையின் முகப்பில் வான் நாய்மன் பெயர் மட்டும் இருந்தது. ராணுவத்தின் சார்பில் அங்கிருந்த ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் அதைப் பலருக்கும் அனுப்பிவைத்தார்.

இந்த இடத்தில் உறுதியானதையும் சந்தேகத்துக்குரியதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். அறிக்கையின் தேதி, அதிலிருக்கும் பெயர், அது பரவிய விதம் எல்லாம் உறுதி. அந்த யோசனை யாருடையது என்பதில் இன்றும் கட்சி பிரிந்து நிற்கிறார்கள். வான் நாய்மன் வருவதற்கு முன்பே நாங்கள் பேசிவைத்தது என்று எக்கர்ட்டும் மாக்லியும் கடைசி வரை சொன்னார்கள். ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1936-லேயே காகிதத்தில் வடித்த பொது இயந்திரத்தில் கட்டளைகளும் நாடாவில்தான் இருந்தன, விதை அங்கே இருக்கிறது என்பவர்களும் உண்டு. என் கணிப்பைக் கேட்டால், எழுத்தில் தெளிவு வான் நாய்மனுடையது, அதைக் கட்டிக் காட்ட முடியும் என்று ஆக்கிய பொறியியல் எக்கர்ட்டுடையது. 'வான் நாய்மன் கட்டமைப்பு' என்று ஒருவர் பெயரை மட்டும் வைத்தது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இது ஒரு வன்பொருள் ஆசாமியின் கருத்து. எக்கர்ட் பக்கம் எனக்குச் சாய்வு இருப்பது இயல்பு என்று கழித்துக்கொள்ளுங்கள்.

எக்கர்ட்டின் பொறியியல் என்று சொன்னது பாதரசக் குழாய். ரேடார் வேலையிலிருந்து வந்த சரக்கு இது. குழாய் நிறையப் பாதரசம், இரு முனைகளிலும் குவார்ட்ஸ் படிகம். ஒரு முனையில் மின்துடிப்பைக் கொடுத்தால் படிகம் அதிரும். அதிர்வு ஒலியலையாகப் பாதரசத்துக்குள் நகர்ந்து மறுமுனையை அடையும். அங்குள்ள படிகம் அதைத் திரும்ப மின்துடிப்பாக்கும். பாதரசத்தில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 1,450 மீட்டர். ஒன்றரை மீட்டர் குழாயைக் கடக்க ஏறக்குறைய ஒரு மில்லி வினாடி ஆகும். அந்த ஒரு மில்லி வினாடிக்குள் மின்சுற்று நூற்றுக்கணக்கான துடிப்புகளை வரிசையாக உள்ளே அனுப்பிவிடும். மறுமுனையில் வெளிவரும் துடிப்பைச் சீர்செய்து மறுபடி முதல் முனைக்கே கொடுத்தால், வரிசை முழுதும் குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். மளிகைக் கடைக்கு அனுப்பிய பிள்ளை, மறந்துவிடாமலிருக்க 'அரைக் கிலோ துவரம்பருப்பு, கால் கிலோ வெல்லம்' என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போகுமே, அந்த முறைதான். சொல்வதை நிறுத்தினால் போச்சு.

சில நூறு பிட்டுகளுக்கு (0 அல்லது 1 என்ற ஒற்றை இலக்கம் ஒரு பிட்) பத்துப் பன்னிரண்டு வால்வுகள் போதும் என்பதுதான் இதன் மகிமை. திரட்டியோடு ஒப்பிட்டால் செலவு நூறில் ஒரு பங்காகக் குறைந்தது. தொல்லையும் இருந்தது. வெப்பநிலை மாறினால் பாதரசத்தில் ஒலியின் வேகம் மாறும், துடிப்புகள் நேரம் தவறும். பாதரசத்துக்குப் பதிலாக ஜின் மதுவை ஊற்றலாம், அதிலுள்ள ஆல்கஹாலும் நீரும் சேர்ந்த விகிதம் வெப்பநிலைக்கு அசையாது என்று டூரிங் சொன்னதாக ஒரு கதை உண்டு. எட்சாக்கைக் கட்டிய மாரிஸ் வில்க்ஸ் பின்னாளில் சொன்னது அது. ஜின்னால் ஓடிய கணினி எதுவும் வரவில்லை. இன்னொரு தொல்லை காத்திருப்பு. வேண்டிய எண் குழாயின் நடுவில் இருந்தால், அது முனைக்கு வரும் வரை இயந்திரம் சும்மா நிற்க வேண்டும். டூரிங்கின் வடிவமைப்பிலிருந்து பிறந்து 1950 மே மாதம் ஓடிய பைலட் ஏஸில், கட்டளை தேவைப்படும் நொடியில் குழாயின் வாசலுக்கு வந்து நிற்கும்படி இடம் பார்த்து எழுதுவார்கள். அதனால் அந்தச் சின்ன இயந்திரம் தன் அளவுக்கு மீறிய வேகத்தில் ஓடியது, நிரல் எழுதுகிறவரின் உயிரும் போனது.

அமெரிக்காவில் பிறந்த யோசனை இங்கிலாந்தில் ஏன் முதலில் ஓடியது என்று வகுப்பில் எப்போதும் ஒருவர் கேட்பார். காரணத்தில் பாதி, சண்டை. காப்புரிமை யாருக்கு என்ற தகராறில் எக்கர்ட்டும் மாக்லியும் 1946 மார்ச்சில் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறித் தனி நிறுவனம் தொடங்கினார்கள். வான் நாய்மன் பிரின்ஸ்டனில் தன் இயந்திரத்தைக் கட்டப் போனார். மூர் பள்ளியில் எட்வாக் ஆள் இல்லாமல் தேங்கி, 1951 வாக்கில்தான் வேலைக்கு வந்தது. அதே 1946 கோடையில் மூர் பள்ளி நடத்திய விரிவுரைத் தொடருக்குக் கேம்பிரிட்ஜிலிருந்து வில்க்ஸ் போனார். கப்பல் கிடைக்காமல் தாமதமாகி, கடைசிச் சில நாட்கள்தான் அவருக்கு வாய்த்தன. அது போதுமாக இருந்தது. திரும்பும் கப்பலிலேயே தன் இயந்திரத்தின் உருவை யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

வில்க்ஸிடம் எனக்குப் பிடித்தது அவருடைய பிடிவாதமான அடக்கம். புதிதாக எதையும் கண்டுபிடிக்கப் போவதில்லை, நிச்சயம் வேலை செய்யும் என்று தெரிந்த பாகங்களை மட்டும் வைத்துக் கட்டுவேன், கணிதப் பிரிவினருக்கு இயந்திரம் வேண்டும், அவ்வளவுதான் என்பது அவர் நிலை. பாதரசக் குழாயைச் செய்யும் நுணுக்கத்தை, போர்க்காலத்தில் கடற்படை ஆய்வில் அதைக் கையாண்ட தாமஸ் கோல்டிடம் கேட்டுக்கொண்டார். 1949 மே 6 அன்று எட்சாக் தன் முதல் நிரலை ஓட்டி, 0 முதல் 99 வரையிலான எண்களின் வர்க்கப் பட்டியலை அச்சடித்தது.

ஆனால் அதற்குள் மான்செஸ்டர் முந்திவிட்டது. அங்கே பிரெடி வில்லியம்ஸ் என்ற ரேடார் பொறியாளர் வேறொரு வழி பிடித்தார். கேத்தோடு கதிர்க் குழாயின், அதாவது பழைய டிவியில் இருந்த மாதிரிக் குழாயின் திரையில் எலக்ட்ரான் கற்றை ஒரு புள்ளியைத் தாக்கினால், அந்த இடத்தில் சிறு மின்னேற்றம் தங்கும். புள்ளி வைக்கும் விதத்தை மாற்றினால் 0, 1 என்று இரண்டு நிலை கிடைக்கும். திரைக்கு முன்னால் ஓர் உலோகத் தகட்டை வைத்தால், கற்றை மறுபடி அங்கே படும்போது எந்த நிலை என்று அறியலாம். சிக்கல் என்னவென்றால், அந்த மின்னேற்றம் ஒரு வினாடியில் ஒரு சிறு பங்கு நேரத்தில் கசிந்துவிடும். அதற்குள் படித்துத் திரும்ப எழுதிவிட்டால்? படி, எழுது, படி, எழுது என்று சுற்றிக்கொண்டே இருந்தால் எவ்வளவு நேரமும் வைத்திருக்கலாம். 1946 இறுதியில் வில்லியம்ஸ் ஒரு பிட்டை இப்படிக் காப்பாற்றிக் காட்டினார். டாம் கில்பர்ன் 1947 முடிவதற்குள் அதை 2,048 பிட் வரை கொண்டுபோனார். பாதரசம் போலக் காத்திருக்க வேண்டியதில்லை, எந்தப் புள்ளிக்கு வேண்டுமானாலும் கற்றையை நேரே திருப்பலாம். இன்று நாம் 'ராண்டம் அக்சஸ்' என்று சொல்லும் வசதி மின்னணு வேகத்தில் கிடைத்தது இங்கேதான். உங்கள் கைப்பேசியில் இருக்கும் டைனமிக் ராம் நினைவகத்திலும் மின்னேற்றம் கசிகிறது, அதையும் இப்படியே படித்துப் படித்து எழுதித்தான் காப்பாற்றுகிறார்கள்.

குழாய் ஆய்வகத்தில் வேலை செய்கிறது, சரி. கணினியின் வேகத்தில் விடாமல் எழுதிப் படித்தால் தாங்குமா? அதைச் சோதிக்க ஒரே வழி, ஒரு குட்டிக் கணினியைக் கட்டி ஓட்டிப் பார்ப்பது. அப்படிப் பிறந்ததுதான் பேபி. வில்லியம்ஸ், கில்பர்ன், ஜெஃப் டூட்டில் மூவரும் கட்டினார்கள். 32 பிட் கொண்ட 32 சொற்கள் (ஒரு எண்ணோ ஒரு கட்டளையோ வைக்கும் இடம் ஒரு சொல்), ஏழு வகைக் கட்டளைகள், கணக்குக்குக் கழித்தல் மட்டும். கூட்ட வேண்டுமென்றால் எதிர்ம எண்ணாக்கிக் கழித்துக்கொள்ள வேண்டும். 1948 ஜூன் 21 அன்று, 2-ன் 18-ஆம் அடுக்கான 2,62,144 என்ற எண்ணின் மிகப்பெரிய காரணியை, அதற்கு ஒன்று குறைவான எண்ணிலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிச் சோதித்துத் தேடியது. நமக்குப் பார்த்தவுடன் பாதி என்று தெரியும். அது 52 நிமிடம் ஓடி, சுமார் 35 லட்சம் செயல்களைச் செய்து, 1,31,072 என்று விடை கொடுத்தது. வேண்டுமென்றேதான் அப்படி நீட்டினார்கள். விடை முக்கியமில்லை, 52 நிமிடம் ஒரு பிட்கூடச் சிதறாமல் குழாய் தாங்கியதுதான் முக்கியம்.

இப்போது அந்த 550-க்கு வருவோம். பேபி முழுவதற்கும் தேவைப்பட்ட வால்வுகள் சுமார் 550. எனியாக்கில் பத்து இலக்கம் கொண்ட ஒரே ஒரு எண்ணை வைத்திருக்கவும் கூட்டவும் ஆன அதே எண்ணிக்கை. இங்கே அதில் ஒரு முழுக் கணினி. வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதியதும் பையன்களின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். தேதிப் பட்டியல் எதுவும் அந்த வேலையைச் செய்ததில்லை.

ஒரு குறுக்கு விசாரணை பாக்கி இருக்கிறது. 1948 வசந்த காலத்தில், அதாவது பேபிக்குச் சில வாரங்கள் முன்பு, எனியாக்கையே மாற்றி அமைத்தார்கள். அட்டவணை எண்களைத் திருப்பி வைப்பதற்கென்று அதிலிருந்த சுவிட்சுப் பலகைகளில் கட்டளைகளை எண்களாகத் திருப்பி வைத்து, அங்கிருந்து படித்து ஓடும்படி செய்தார்கள். கிளாரா வான் நாய்மன் பங்கெடுத்து எழுதிய அணுக்கரு மாண்டி கார்லோ கணக்குகள், அதாவது எதேச்சை எண்களை வைத்துப் பலமுறை ஓட்டிப் பார்க்கும் கணக்குகள், அப்படி ஓடின. அப்படியென்றால் சேமித்த நிரலை முதலில் ஓட்டியது எனியாக்தானே என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு, அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. நான் பேபியின் பக்கம் நிற்பதற்குக் காரணம், சுவிட்சுப் பலகையில் இருப்பதை இயந்திரம் படிக்கலாம், எழுத முடியாது. அன்றைய கணினியில் ஒரு வரிசையின் அடுத்தடுத்த எண்களை எடுக்க, இயந்திரம் தன் கட்டளையிலுள்ள முகவரியைத் தானே கூட்டி மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்குக் கட்டளைகள் எழுதக்கூடிய நினைவகத்தில் இருக்க வேண்டும். இந்த எல்லைக்கோட்டை நீங்கள் வேறிடத்தில் போட்டால் உங்கள் விடையும் மாறும்.

பேபி சோதனைக் கருவி என்றால், வேலைக்காரன் எட்சாக். நிரலுக்கு இடம் கிடைத்ததும் நிரல் எழுதுவது தனித் தொழிலாகும் என்பது அங்கேதான் தெரிந்தது. டேவிட் வீலர் என்ற ஆராய்ச்சி மாணவர் 31 கட்டளைகளில் ஒரு தொடக்க நிரல் எழுதினார். மனிதர் படிக்கும் எழுத்தையும் எண்ணையும் நாடாவிலிருந்து வாங்கி இயந்திரத்தின் குறியீடாக மாற்றும் வேலை அதற்கு. துணைநிரலுக்குத் தாவி, முடிந்ததும் விட்ட இடத்துக்குத் திரும்பும் உத்தியும் அவருடையது. வர்க்கமூலம், சைன் என்று ஒவ்வொன்றுக்கும் நாடா வெட்டி அலமாரியில் வைத்தார்கள். வேண்டியவர் எடுத்துத் தன் நாடாவில் படியெடுத்துக்கொள்ளலாம். மயோகுளோபின் புரதத்தின் அமைப்புக்காக 1962-ல் நோபல் பெற்ற ஜான் கெண்ட்ரு தன் கணக்குகளை எட்சாக்கில் போட்டவர். தன் மீதி வாழ்நாளில் பெரும்பங்கு தன் நிரல்களிலேயே பிழை தேடுவதில் கழியப் போகிறது என்று வில்க்ஸுக்கு உறைத்ததும் 1949-ல்தான். அப்புறம் அது எல்லோருக்கும் உறைத்தது. எட்சாக்குக்குப் பண உதவி செய்த லயன்ஸ் என்ற தேநீர்க்கடை நிறுவனம், அதே வடிவத்தை விரித்து லியோ என்ற கணினியைத் தானே கட்டிக்கொண்டு, 1951 நவம்பரில் தன் ரொட்டித் தயாரிப்புக் கணக்குகளை அதில் ஓட்டத் தொடங்கியது.

டிரான்சிஸ்டர் பற்றி ஏன் பேசவில்லை என்று நீங்கள் கேட்கலாம். பெல் ஆய்வகத்தில் பார்டீனும் பிராட்டனும் அதை 1947 டிசம்பரில் இயக்கிக் காட்டினார்கள். உலகுக்கு அறிவித்தது 1948 ஜூன் 30, பேபி ஓடி ஒன்பதாவது நாள். அதே ஆண்டு ஜூலையில் கிளாட் ஷானனின் தகவல் கோட்பாட்டுக் கட்டுரையின் முதல் பகுதியும் வந்தது. மூன்றும் ஒரே கோடையில் வந்ததால் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தது போல எழுதுகிறார்கள், அப்படியில்லை. நான் இங்கே பேசும் எந்த இயந்திரத்திலும் டிரான்சிஸ்டருக்கு வேலை இருக்கவில்லை. அது கணினிக்குள் பரவலாக நுழையப் பத்து வருடம் ஆனது.

நினைவகத்தின் கதை ஒரு முடிவுக்கு வந்தது எம்.ஐ.டி.யில். ஜே ஃபாரெஸ்டர் அங்கே வேர்ல்விண்ட் என்ற கணினியைக் கட்டிக்கொண்டிருந்தார். விமானி பயிற்சிக்கென்று தொடங்கி வான் பாதுகாப்புக்கு மாறிய திட்டம் அது. அதன் மின்னேற்றக் குழாய்கள் விலை அதிகம், ஆயுள் குறைவு, நம்பவும் முடியாது. ராடாரில் விமானம் தெரியும்போது கணினி படுத்துக்கொண்டால் என்ன செய்வது? ஃபாரெஸ்டர் காந்த வளையங்களுக்குப் போனார். சின்ன ஃபெரைட் வளையங்களை வலைபோல் கோத்து, குறுக்கே ஒரு கம்பி, நெடுக்கே ஒரு கம்பி. ஒவ்வொரு கம்பியிலும் பாதி மின்னோட்டம். இரண்டும் சந்திக்கும் வளையம் மட்டும் காந்தத் திசை மாறும், மற்றவை அசையாது. 1953 ஆகஸ்டில் இதை வேர்ல்விண்டில் பொருத்தியதும் வேகம் கூடியது, பழுதும் வெகுவாகக் குறைந்தது. மின்சாரம் போனாலும் எழுதியது இருக்கும். கண்டுபிடிப்பில் ஃபாரெஸ்டருக்கு மட்டும் முழுப் பங்கு கொடுக்க முடியாது. ஹார்வர்டில் ஆன் வாங், ஆர்.சி.ஏ.வில் யான் ராஜ்மன் ஆகியோரும் அதே காலத்தில் காந்த வளையத்தில் வேலை செய்தவர்கள், காப்புரிமைத் தகராறு இங்கும் நடந்தது. மற்ற இயந்திரங்களை நான் கட்டுரைகளிலும் படங்களிலும்தான் அறிவேன். கோர் தட்டை, அதாவது இந்தக் காந்த வளையங்களைக் கோத்த தட்டை மட்டும் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன், அந்தக் கோர்வையை மனிதக் கைகள் செய்தன என்பதை நம்பக் கொஞ்ச நேரம் பிடிக்கும். பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் கட்டப்பட்ட டிஃப்ராக் கணினியும் கோர் நினைவகம் கொண்டதுதான். 1970-கள் வரை உலகம் இதில்தான் ஓடியது.

1946-க்கு முந்தியவர்களை விட்டுவிட்டேன் என்று யாராவது வருவார்கள், அதனால் சுருக்கமாக: ஜெர்மனியில் கொன்ராட் சூசேயின் ரிலே (மின்காந்த சுவிட்ச்) இயந்திரம் இசட்3 1941-லேயே ஓடியது. பிரிட்டனில் டாமி ஃபிளவர்ஸ் கட்டிய கொலாசஸ் 1944-ல் ரகசியக் குறியீடுகளை உடைக்க உதவியது, 1970-கள் வரை அரசு அதை மூடிவைத்திருந்தது. அயோவாவில் அட்டனசாஃப், பெரி இருவரும் கட்டிய கருவியில், சுழலும் உருளையின் மின்தேக்கிகளில் எண்ணை வைத்து, கசியும் முன் திரும்ப எழுதும் உத்தி ஏற்கெனவே இருந்தது. நான் சொன்ன வழக்கும் இதைப் பற்றியதே. 1973-ல் அமெரிக்க நீதிமன்றம் எனியாக் காப்புரிமை செல்லாது என்றது. மாக்லி அட்டனசாஃபிடமிருந்து யோசனை பெற்றார் என்பது ஒரு காரணம், வான் நாய்மனின் அறிக்கை முன்பே பரவிவிட்டது இன்னொரு காரணம். தீர்ப்பு காப்புரிமை பற்றியது. யார் கண்டுபிடித்தார் என்ற வரலாற்றுக் கேள்வியை ஒரு நீதிபதி முடித்துவைத்ததாக நான் எடுத்துக்கொள்வதில்லை. சட்டம் என் துறையும் இல்லை.

கடைசியாக யூனிவாக். எக்கர்ட், மாக்லியின் நிறுவனம் பணமில்லாமல் திணறி 1950-ல் ரெமிங்டன் ராண்டிடம் போனது. முதல் இயந்திரத்தை அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் 1951 மார்ச் 31-ல் ஏற்றுக்கொண்டது. அதற்குச் சில வாரங்கள் முன்பே, பேபியின் வழிவந்த ஃபெராண்டி மார்க் 1 மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது, அதனால் உலகிலேயே முதல் என்று எழுதாதீர்கள். தேர்தல் கதை நிஜம். 1952 நவம்பர் 4 இரவு, சி.பி.எஸ். தொலைக்காட்சிக்காக யூனிவாக் முன்கணிப்பு செய்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் மேக்ஸ் வுட்பரி முறையை வகுத்துக் கொடுத்திருந்தார். போட்டி கடுமையாக இருக்கும் என்று கருத்துக்கணிப்புகள் சொல்லியிருந்தன. வாக்குகளில் சிறு பங்கே எண்ணப்பட்டிருந்த இரவு எட்டரை மணியளவில், ஐசன்ஹோவருக்கு 438 தேர்வாளர் வாக்குகள் (மாநில வாரியாகக் கிடைப்பவை), ஸ்டீவன்சனுக்கு 93 என்று இயந்திரம் சொன்னது. யாரும் நம்பவில்லை. அந்த எண்ணை வெளியிடாமல், கணக்கில் கைவைத்து, நெருக்கமான போட்டி போலத் தெரியும் விடையை ஒளிபரப்பினார்கள். உண்மை முடிவு 442-க்கு 89. நள்ளிரவுக்குப் பிறகு, நடந்ததை ரெமிங்டன் ராண்டின் ஆளே திரையில் ஒப்புக்கொண்டார். நிமிடக் கணக்கு விவரங்கள் நூலுக்கு நூல் கொஞ்சம் மாறும், இரண்டு ஜோடி எண்களில் மாற்றமில்லை. அன்று அதைக் கணித்த யூனிவாக்கின் உள் நினைவகம் 12 எழுத்து கொண்ட 1,000 சொற்கள், அதுவும் பாதரசத்தில்தான். இயந்திரம் இருந்தது பிலடெல்பியாவில். நியூயார்க் அரங்கில் அறிவிப்பாளருக்குப் பக்கத்தில் மினுக்கிக்கொண்டிருந்தது, காட்சிக்காக வைத்த வெறும் விளக்குப் பலகை.